விருந்தாளிக்கு என்ன சம்பளம்? – 'லூசி' நாவலை முன்வைத்து

ஜமைக்கா கின்கெய்டின் 'லூசி' (1990) நாவலைப் பற்றி ஆங்கிலத்துறைக்காரர்கள் எழுதிய கட்டுரைகளில் என் கைக்குக் கிடைத்தவை பெரும்பாலும் ஒரு பூவைப் பற்றியவை. கரீபியத் தீவு ஒன்றில் பிறந்த கறுப்புப் பெண் லூசி, பத்து வயதில் பள்ளிக்கூடத்தில் வேர்ட்ஸ்வொர்த்தின் டாஃபடில்ஸ் கவிதையை ஒப்பித்துக் கைதட்டல் வாங்குகிறாள். அந்தப் பூவை அவள் கண்ணால் பார்ப்பது பத்தொன்பது வயதில், அமெரிக்காவில். பார்த்ததும் ஓர் அரிவாள் இருந்தால் அத்தனையையும் வெட்டிச் சாய்த்துவிடலாம் என்று தோன்றுகிறது அவளுக்கு. காலனியம், பாடத்திட்டம், பண்பாட்டு ஆதிக்கம் என்று இதைப் பிடித்துக்கொண்டு பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். தப்பில்லை. நாமும் அதே பாட்டை மனப்பாடம் செய்து மார்க்கு வாங்கிய கூட்டம்தான். அந்தப் பூ மஞ்சளா வெள்ளையா என்று எங்கள் அரசுப் பள்ளிக்கூடத்தில் யாருக்கும் தெரியாது. பாடம் நடத்தியவருக்கும் தெரியாது.

ஆனால் லூசியை அந்தப் பூந்தோட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போனது யார்? மரையா. மரையா யார்? லூசியின் எஜமானி. அன்றைக்கு அது லூசிக்கு வேலை நேரமா, ஓய்வு நேரமா? கண்ணைக் கட்டிப் பூவைக் காட்டுகிற எஜமானியிடம் 'எனக்கு இப்போது வர முடியாது' என்று சொல்கிற உரிமை அவளுக்கு உண்டா? இந்தக் கேள்விகளை அந்தக் கட்டுரைகளில் காணோம். பூவைப் பார்த்தவர்கள் வேலையைப் பார்க்கவில்லை. இது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. வீட்டில் வேலைக்கு ஆள் வைத்திருக்கிற வர்க்கம் வாசிக்கும்போது, பிரதியிலிருந்து முதலில் காணாமல் போவது வேலைக்காரிதான்.

'லூசி' வீட்டோடு தங்கி வேலை செய்கிற பெண்ணின் நாவல். அப்படித்தான் அதை நாம் வாசிக்க வேண்டும். கதை பெரிதாக ஒன்றுமில்லை. பணக்கார வெள்ளைக் குடும்பம். கணவன் லூயிஸ், மனைவி மரையா, நாலு பெண் பிள்ளைகள். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள லூசி கடல் கடந்து வருகிறாள். பகலில் பிள்ளைகள், இரவில் படிப்பு. ஓராண்டு இருக்கிறாள். அதற்குள் அந்தக் குடும்பம் உடைகிறது. அவள் வேலையை விட்டுவிட்டுப் போகிறாள்.

இப்படி வேறு நாட்டுக்குப் போய் ஒரு குடும்பத்தோடு தங்கிப் பிள்ளை பார்க்கிற பெண்ணுக்கு ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் 'ஓ பேர்' என்று பெயர். பிரெஞ்சுச் சொல். 'சமமாக' என்று பொருள். சொல்லிலேயே சமத்துவத்தை வைத்துவிட்டார்கள், அதனால் சம்பளத்தில் வைக்க வேண்டியதில்லை. 1969இல் ஸ்ட்ராஸ்பர்க்கில் ஐரோப்பிய நாடுகள் இதற்கென்று ஓர் ஒப்பந்தம் போட்டன. ஓ பேர் என்பவள் மாணவியும் இல்லை, தொழிலாளியும் இல்லை, இரண்டின் அம்சமும் கொண்ட தனிவகை என்று அதன் முன்னுரை சொல்கிறது. வயது பதினேழு முதல் முப்பது வரை. நாளைக்கு ஐந்து மணி நேரத்துக்கு மிகாத வேலை. வாரத்தில் ஒரு நாளாவது முழு ஓய்வு. கையில் கொடுக்கிற காசுக்கு அவர்கள் வைத்த பெயர் 'பாக்கெட் மணி'. கூலி என்று சொன்னால் கூலிச் சட்டம் வந்துவிடும் அல்லவா? வேலை வாங்குகிற வீட்டுக்குப் பெயர் 'விருந்தோம்பும் குடும்பம்'. நம்ம வள்ளுவர் விருந்தோம்பலுக்கு ஓர் அதிகாரமே ஒதுக்கியிருக்கிறார். விருந்தாளி பீத்துணி கசக்குவதைப் பற்றி அதில் ஒன்றும் காணோம்.

அமெரிக்காவில் இந்தத் திட்டம் 1986இல் தொடங்கியது. அங்கே இது தொழிலாளர் துறையின் கீழ் வராது. கலாச்சாரப் பரிமாற்றம் என்ற கணக்கில் வெளியுறவுத் துறையின் விசாவில் நடப்பது. வாரம் 45 மணி நேரம் வரை வேலை வாங்கலாம். 2009இல் அங்கே மத்திய அரசின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.25 டாலர் ஆனது. 45 மணி நேரத்துக்கு 326.25 டாலர் வர வேண்டும். அதிலே நூற்றுக்கு நாற்பது பங்கை அறைக்கும் சாப்பாட்டுக்கும் என்று கழித்தார்கள். கையில் வந்தது 195.75. இந்தக் கழிவைக் கொஞ்சம் நின்று பாருங்கள். அவள் அந்த வீட்டில் தங்குவது யாருக்காக? ராத்திரி பிள்ளை அழுதால் கூப்பிட்ட குரலுக்கு வருவதற்காக. எஜமானுக்கு வசதியாகத் தங்க வைத்துவிட்டு, தங்கியதற்கு வாடகையும் அவளிடமே பிடிப்பது. பண்ணையில் கட்டிப்போட்ட மாட்டுக்குக் கொட்டடி வாடகை போட்ட கதை.

2014இல் இந்தப் பெண்கள் டென்வர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். கொடுக்க வேண்டிய குறைந்த அளவு என்று விதி சொல்கிற தொகையையே, கொடுக்கத்தக்க அதிக அளவுபோல ஏஜென்சிகள் கூட்டாக ஆக்கிவிட்டன என்பது வழக்கு. 2019 ஜனவரியில் 65.5 மில்லியன் டாலருக்குச் சமரசம் ஆனது. ஏஜென்சிகள் தவறை ஒப்புக்கொள்ளவில்லை. சம்பந்தப்பட்ட பெண்கள் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர். வக்கீல் செலவைக் கழிக்காமலே வகுத்துப் பார்த்தால் தலைக்கு 655 டாலர், மூன்று வாரச் சம்பளத்துக்குக் கொஞ்சம் கூட. அதே ஆண்டு டிசம்பரில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வீட்டு வேலைத் தொழிலாளர் சட்டம் ஓ பேருக்கும் பொருந்தும் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 'தனிவகை' என்ற சுவரில் விழுந்த விரிசல் அது. நமக்கு இங்கே வேண்டியது இவ்வளவுதான். இனி நாவலுக்குப் போவோம், ஏனென்றால் அந்தச் சுவரைச் சட்டத்துக்கு முன்பே ஒரு பெண் உள்ளிருந்து பார்த்து எழுதிவிட்டாள்.

லூசிக்குக் கொடுத்த அறை சமையலறையை ஒட்டியது. வேலைக்காரி அறை. சுவர்கள் உயர உயரப் போய்க் கூரையைத் தொடுகின்றன. தூர தேசத்துக்குச் சரக்கு அனுப்புகிற பெட்டி மாதிரி இருக்கிறது என்று நினைக்கிறாள். அடிமைக் கப்பல்களில் வந்தவர்களின் வாரிசுக்குச் 'சரக்கு' என்ற சொல் சும்மா வராது. ஆனால் அடுத்தபடியாக அவள் யோசிப்பதுதான் முக்கியம். நான் சரக்கில்லை, வேலைக்காரி அறையில் இருக்கிறேன், ஆனால் வேலைக்காரிகூட இல்லை, பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு இரவில் படிக்கப் போகிற பெண் என்கிறாள். 1969இல் ஸ்ட்ராஸ்பர்க்கில் கோட்டு சூட்டுப் போட்டவர்கள் எழுதிய 'தனிவகை', இங்கே ஒரு பெண்ணின் படுக்கையில் உட்கார்ந்து பேசுகிறது. அவள் யார் என்று அவளுக்கே சொல்ல வரவில்லை. சொல்ல வராமல் இருப்பதுதான் ஏற்பாடு.

இந்த ஏற்பாடு இன்னொரு காரியமும் செய்கிறது. அந்த வீட்டில் உண்மையிலேயே ஒரு வேலைக்காரி இருக்கிறாள். அவளுக்கு லூசியைப் பிடிக்கவில்லை. நீ பேசுகிற விதம் சரியில்லை, கன்னியாஸ்திரீ மாதிரி இருக்கிறாய், உனக்கு ஆடக்கூடத் தெரியாது என்கிறாள். இசைத்தட்டைப் போட்டு ஆடிக் காட்டுகிறாள். லூசி அதற்கு ஆடாமல் தன் ஊர்க் கலிப்ஸோ பாட்டு ஒன்றைப் பாடுகிறாள். சிரித்துவிட்டுக் கடந்து போகக்கூடிய இடம். ஆனால் ஒரே சமையலறையில் நிற்கிற இரண்டு பெண்களில் ஒருத்திக்குக் கூலி, இன்னொருத்திக்குக் 'குடும்பம்'. ஒருத்தி தொழிலாளி, இன்னொருத்தி விருந்தாளி. இவர்கள் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து நமக்கு எத்தனை மணி நேர வேலை, எவ்வளவு காசு என்று கணக்குப் பார்க்க மாட்டார்கள். படிவரிசை என்றால் என்ன என்று அம்பேத்கரைப் படித்த நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். ஒருவருக்கு மேலே இன்னொருவரை அரை அங்குலம் உயர்த்தி வைத்தால் போதும். மேலே இருப்பவனை இரண்டு பேருமே பார்க்க மாட்டார்கள்.

சாப்பாட்டு மேசைக் காட்சிக்கு வருகிறேன். லூசி அந்தக் குடும்பத்தோடு ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடுகிறாள். நம்மில் பலர் இதைப் படித்ததும் அடேயப்பா என்று நிமிர்ந்து உட்கார்வோம். பாமாவின் 'கருக்கு' (1992) ஞாபகம் வரும். நாயக்கர் வீட்டில் வேலை செய்கிற பாட்டிக்கு உயரத் தூக்கிப் பிடித்துத் தண்ணீர் ஊற்றுவார்கள், பாட்டி கை குவித்து வாங்கிக் குடிப்பாள். அந்த உயரத்தைப் பார்க்க நம் விமரிசனம் பழகியிருக்கிறது, அதை அளந்துகூடச் சொல்லிவிடும். ஆனால் தூரத்தில் நிறுத்தாமல் பக்கத்தில் உட்கார வைத்து நடத்துகிற அதிகாரத்தை எப்படி அளப்பது? அதற்கு நம்மிடம் இன்னும் கோல் இல்லை. 'லூசி' நமக்குத் தேவைப்படுவது அங்கேதான்.

அந்த மேசையில் அவளுக்கு அவர்கள் வைக்கிற பெயர் 'விசிட்டர்'. அவள் ஒட்டாமல் இருக்கிறாளாம், வந்து போகிறவள் மாதிரி இருக்கிறாளாம். குடும்பத்தில் ஒருத்தி என்று சொல்லிவிட்டால் மட்டும் போதாது, அவளும் அப்படி நினைத்துச் சந்தோஷமாக இருந்து காட்ட வேண்டும். வேலையோடு சேர்த்து முகத்தையும் கொடுக்க வேண்டும். ஒருநாள் தான் கண்ட கனவை அவர்களிடம் சொல்கிறாள். லூயிஸ் தன்னை வீட்டைச் சுற்றி நிர்வாணமாகத் துரத்துவதாகவும் மரையா பிடி பிடி என்று தூண்டுவதாகவும் கனவு. மனதுக்கு நெருக்கமானவர்கள்தான் தன் கனவில் வருவார்கள் என்று நினைத்துச் சொல்கிறாள். அவர்கள் 'ஐயோ பாவம் விசிட்டர்' என்கிறார்கள், ஃப்ராய்டின் பெயரை உதிர்க்கிறார்கள். எஜமான் வீட்டில் ராத்திரி தங்குகிற பெண்ணின் பயத்தைப் புரிந்துகொள்ள ஃப்ராய்டு எதற்கு? எங்கள் தெருவில் எந்தக் கிழவியைக் கேட்டாலும் சொல்லுவாள்.

எங்கம்மா டவுனில் ஒரு வீட்டில் பதினோரு வருசம் வேலை பார்த்தாள். 'நீ எங்க வீட்டுப் பொண்ணு மாதிரி' என்று அந்த அம்மா சொல்லாத நாளில்லை. தீபாவளிக்குச் சேலை, மிச்சம் இருந்தால் பலகாரம். ஒருநாள் அம்மா மாசம் ஐம்பது ரூபாய் கூடக் கேட்டாள். 'நமக்குள்ள காசு பேசுற மாதிரி ஆயிருச்சே' என்று அந்த அம்மா கண் கலங்கிவிட்டார்களாம். அம்மா வீட்டுக்கு வந்து தானும் அழுதாள். ஐம்பது ரூபாய் வரவில்லை. வீட்டுப் பொண்ணு என்று சொன்னதெல்லாம் பொய்யா என்று கேட்டால், பொய்யில்லை, அந்த அம்மா மனசாரத்தான் சொன்னார்கள். அதனால்தான் அதை எதிர்த்துப் பேச எங்கம்மாவுக்கு வாய் வரவில்லை.

கின்கெய்டின் பலம் மரையாவைக் கொடுமைக்காரியாக எழுதாததுதான். மரையா நல்லவள். புத்தகம் கொடுப்பாள், கட்டிப்பிடிப்பாள், பெண்ணியம் பேசுவாள். லூசி அவளை நேசிக்கவும் செய்கிறாள். ஏரிக்கரை வீட்டுக்கு ரயிலில் போகும்போது, சாப்பாட்டுப் பெட்டியில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள் எல்லாரும் மரையாவின் சொந்தக்காரர்கள் மாதிரியும், பரிமாறுகிறவர்கள் எல்லாரும் தன் சொந்தக்காரர்கள் மாதிரியும் இருப்பதை லூசி பார்க்கிறாள். மரையா பார்க்கவில்லை. அவள் கண்ணுக்கு அது ரயில், அவ்வளவுதான். பிற்பாடு தனக்குள் செவ்விந்திய ரத்தம் ஓடுவதாக மரையா ஒரு பதக்கத்தைக் காட்டுவதுபோலச் சொல்கிறாள். லூசியின் பாட்டி அந்தத் தீவுகளின் பூர்வகுடி. லூசி அதை ஒருநாளும் அப்படிச் சொல்லிக்கொண்டதில்லை. ஜெயித்தவளாகவும் இருந்துகொண்டு தோற்றவளின் பெருமையையும் எடுத்துக்கொள்ள எப்படித்தான் முடிகிறதோ என்று அவளுக்கு வியப்பாக இருக்கிறது. 'நாங்களும் ஒடுக்கப்பட்டவர்கள்தான்' என்று நம் மேடைகளில் வந்து பேசிவிட்டுப் போகிற நண்பர்களுக்கு இந்த இரண்டு பக்கத்தை வாசிக்கக் கொடுக்கலாம்.

வேலையை விட்டுப் போகிறேன் என்று லூசி சொன்னதும் மரையா மாறுகிறாள். இதுதான் நாவலின் உச்சம் என்பேன் நான், பூக்காட்சி இல்லை. கடுகடுவென்று பேசுகிறாள். புதுசு புதுசாக விதி போடுகிறாள். தோழிகளாக இருப்போம் என்றவள் எஜமானியாகிறாள். அந்த வேஷம் மரையாவுக்குப் பொருந்தவே இல்லை என்று லூசி கவனிக்கிறாள், ஏறக்குறைய இரக்கத்தோடு. சிநேகம் என்பது அவள் அங்கேயே இருக்கிற வரைக்கும்தான் செல்லுபடி. போகிறேன் என்ற ஒரு சொல்லில், ஓராண்டாகச் சிரிப்புக்குள் மடித்து வைத்திருந்த உத்தியோக உறவு வெளியே வந்து விழுகிறது.

இதற்கு முந்தி வந்த ஒரு படத்தோடு வைத்துப் பார்த்தால் 'லூசி' என்ன செய்திருக்கிறது என்று தெரியும். செனகல் நாட்டு உஸ்மான் செம்பேன் 1966இல் எடுத்தது. 1962இல் வந்த தன் சிறுகதையை அவரே படமாக்கினார். பிரான்சில் ஒரு செய்தித்தாளில் வந்த துண்டுச் செய்திதான் மூலம். டக்காரில் தெருவோரம் வேலைக்காகக் காத்திருக்கிற பெண்களில் முண்டியடிக்காமல் நிற்கிற தியுவானாவை வெள்ளைக்காரி தேர்ந்தெடுக்கிறாள். பிள்ளை பார்க்க என்று பிரான்சுக்கு அழைத்துப்போய்ச் சமையல், துவையல், தரை துடைத்தல் எல்லாம் வாங்குகிறாள். குதிகால் செருப்பைப் போட்டுக்கொண்டு வேலை செய்தால் கழற்றச் சொல்கிறாள். படத்தின் பிரெஞ்சுத் தலைப்பு ஒரு வேற்றுமை உருபோடு அறுந்து நின்று மூன்று புள்ளியில் முடியும். '...இலிருந்து வந்த கறுப்பி' என்றும் வாசிக்கலாம், '...உடைய கறுப்பி' என்றும் வாசிக்கலாம். எந்த ஊர் என்று கேட்பதுபோல் யாருடையவள் என்று கேட்பது. நம் கிராமங்களில் 'நீ யார் வீட்டு ஆளு' என்று கேட்பார்களே, அந்தப் புள்ளிகளில் அது இருக்கிறது.

தியுவானாவுக்கு அம்மாவிடமிருந்து கடிதம் வருகிறது. அம்மாவுக்கு எழுதத் தெரியாது, வேறு யாரோ எழுதியது. தியுவானாவுக்கும் படிக்கத் தெரியாது. எஜமான் வாசித்துக் காட்டுகிறான், பதிலையும் அவனே எழுத உட்கார்கிறான். அவள் கடிதத்தைப் பிடுங்கிக் கிழிக்கிறாள். கொடுத்த சம்பளத்தைத் திருப்பிப் போடுகிறாள். குளியல் தொட்டியில் கழுத்தை அறுத்துக்கொண்டு சாகிறாள். லூசிக்கும் அம்மா கடிதங்கள் வருகின்றன. எழுத்துத் தெரிந்தவள், திறக்காமலே அடுக்கி வைக்கிறாள். யார் அவளுக்காகப் பேசுவது என்ற கேள்வி இரண்டிலும் ஒன்று. விடை வேறு.

நம் முகாமில் தியுவானாவைத்தான் அதிகம் கொண்டாடுவார்கள் என்று எனக்குத் தெரியும். செத்துப்போனவள். அவள்மேல் குறை சொல்ல முடியாது, கவிதை எழுதலாம், சுவரொட்டியில் போடலாம். லூசி அப்படி இல்லை. நன்றி கெட்டவள். எஜமானியிடம் சிரிக்க மாட்டாள், பெற்ற அம்மாவை மன்னிக்க மாட்டாள், பையன்களோடு சுற்றுவாள், செவிலியர் படிப்பைப் பாதியில் விடுவாள். நம் தோழர்களே 'இந்தப் பொண்ணுக்கு என்ன திமிரு' என்று கேட்கக்கூடிய பெண். மகன்களை இங்கிலாந்துக்கு அனுப்பி டாக்டராகவும் வக்கீலாகவும் கனவு கண்ட பெற்றோர் மகளுக்கு வைத்திருந்த உச்சம் நர்ஸ் வேலை. அந்தக் கோபத்தை அவள் காலனியத்தின் கணக்கில் எழுதித் தள்ளிவிடவில்லை, தன் வீட்டின் கணக்கிலேயே வைக்கிறாள். நம் வீட்டுத் திண்ணைகளைப் பற்றி எழுதுகிறபோது நம் ஆண்கள் இன்னும் இந்த இடத்துக்கு வரவில்லை.

நாவலோடு எனக்குச் சண்டையும் உண்டு. லூசியின் கையில் வாராவாரம் எவ்வளவு வந்தது? காலை எத்தனை மணிக்கு எழுந்தாள்? நாலு பிள்ளைகளின் துணியை யார் மடித்தது? மனசைத் துருவித் துருவி எழுதுகிற கின்கெய்டு, முதுகு வலியைப் பற்றி எழுதவில்லை. அதைவிட அந்த வேலைக்காரி. ஆடிக் காட்டினாளே, அதற்குப்பின் நாவல் அவளை மறந்துவிடுகிறது, லூசியும் மறந்துவிடுகிறாள். கின்கெய்டின் வாழ்க்கையையும் நினைத்துக்கொள்ளலாம். 1949இல் ஆன்டிகுவாவில் பிறந்தவர், வீட்டு வறுமைக்காகப் படிப்பை நிறுத்தி 1960களின் நடுவில் நியூயார்க் பக்கம் பிள்ளை பார்க்க அனுப்பப்பட்டவர். பிறகு 1973இல் பெயரை மாற்றிக்கொண்டு, 'நியூயார்க்கர்' பத்திரிகைக்கு எழுத்தாளரானவர். அவர் பிழைத்து வந்தது பெரிய காரியம். ஆனால் சமையலறையில் விட்டுவிட்டு வந்தவளின் பெயர்கூட நமக்குக் கிடைக்கவில்லை. அவள் சொல்லியிருந்தால் லூசியைப் பற்றி என்ன சொல்லியிருப்பாள் என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசை.

கடைசிப் பக்கத்தில் லூசி அழுகிறாள். மரையா கொடுத்த குறிப்பேட்டில் தன் முழுப்பெயரை எழுதுகிறாள், ஒரு வாக்கியம் எழுதுகிறாள், கண்ணீர் விழுந்து மை கலங்குகிறது. விமரிசகர்கள் இந்தக் கண்ணீரில் நெடுநேரம் நிற்பார்கள். அவள் அதை எழுதுகிற இடத்தைப் பாருங்கள். ஒரு சிநேகிதியோடு பங்கு போட்டு எடுத்த வாடகை வீடு. புகைப்படக்காரர் ஒருவரிடம் தொலைபேசி எடுக்கிற வேலை, மாலையானால் முடிந்துவிடும். அவள் பங்கு வாடகையை அவளே கொடுக்கிறாள். ராத்திரியில் அந்த வீட்டில் அழுகிற குழந்தை எதுவும் இல்லை.